ஒன்பதாம் மடைக்கு இருபத்தெட்டு நிமிடம்

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பதினாறு நிமிடம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் நான் ரங்கசாமியின் தண்ணீரை வெட்டினேன்.

மண்வெட்டி எடுக்கவில்லை. குழாயை உடைக்கவில்லை. மோட்டார் அறையில் இருக்கும் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து MADAI_9=28 என்று தட்டினேன். பத்தே பத்துக் குறிகள், எண்ணிப் பாருங்கள்! சேமித்தேன். நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடித்தேன். இனிப்பு சரியாக இருந்தது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கள் ஊர்க்காரர் அல்ல. சிரித்தாலும் எனக்குக் கேட்காது...

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் நிலங்கள். பதினான்கு பேர் சேர்ந்து ஓர் ஆழ்குழாய்க் கிணறும் ஒரு தொட்டியும் ஒரு மோட்டாரும் வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு வால்வு. ஆனால் வால்வு என்று யாரும் சொல்வதில்லை. மடை என்றுதான் சொல்வார்கள். வாய்க்கால் போய்ச் சொட்டுநீர்க் குழாய் வந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. ஒற்றைப்படை மடைகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். ஆளுக்கு நாற்பது நிமிடம். என்னுடையது நான்காம் மடை. ரங்கசாமியுடையது ஒன்பது.

மடைகளைத் திறந்து மூடுவது உள்ளங்கை அளவுள்ள அந்தக் கணினிதான். அதற்கான நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியவன் நான். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டு அளவுகருவிகளோடு வாழ்ந்தவன். ஓய்வு பெற்ற பின், அறுபத்தெட்டாம் வயதில், அந்த மொழியைக் கற்றேன். நிரலில் மொத்தம் நூற்றுப் பதினேழு வரி. அவற்றில் ஒரே ஒரு வரியைப் பற்றியதுதான் இந்த வாக்குமூலம்.

எத்தனை நிமிடம் என்பதை நிரலுக்குள்ளேயே எழுதிவிடலாம். ஆனால் மழைக்காலத்தில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு. ஒவ்வொரு முறையும் நிரலின் வயிற்றைக் கிழிக்க வேண்டுமா? அதனால் அதை வெளியே வைத்தேன். os.environ என்று எழுதினால் நிரல் தன்னைச் சுற்றியிருக்கும் சூழலைக் கேட்கும். ‘மடை ஒன்பது என்ற பெயரில் வெளியே ஏதாவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துக்கொள். இல்லையென்றால் நாற்பது.’ இவ்வளவுதான் அந்த வரி. நிரலைப் படிக்கிறவன் கண்ணில் நாற்பதுதான் படும். இருபத்தெட்டு அதற்குள் எங்கும் இருக்காது!

இன்னொன்று. வெளியிலிருந்து வருவது எல்லாமே நிரலுக்கு வெறும் எழுத்துதான். இருபத்தெட்டு என்று எழுதியிருந்தாலும் அது எண்ணல்ல, இரண்டு எழுத்துகள். அதை எண்ணாக மாற்றுவது நிரல் எழுதுகிறவனின் வேலை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் எங்கள் பதினான்கு பேரின் சங்கக் கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆழ்குழாய்க்குள் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளப்பது என் வழக்கம். எட்டு வாரத்தில் பதினோரு அடி இறங்கியிருந்தது. நான் எழுந்து, எல்லா மடைக்கும் நாற்பதை முப்பத்தைந்தாகக் குறைத்தால் பங்குனி வரை தாங்கும் என்றேன். தாளில் கட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

ரங்கசாமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“அண்ணனுக்கே ராவுக்கு ஏழு தடவை மடை தொறந்துக்குதுங்க. அத நிறுத்த வழியக் காணோம், ஊரு மடைய நிமிசக் கணக்குல நிறுத்தறாராமா.”

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். பன்னிரண்டாவது ஆள் என் மகன் பிரபு. கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கிறவன். விடுமுறைக்கு வந்தவன் என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து கதவோரம் நின்றிருந்தான். கையால் வாயை மறைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

இரவில் ஏழு தடவை சிறுநீருக்கு எழுவது உண்மைதான். அந்த எண் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, மருத்துவருக்கு, ரங்கசாமிக்கு. மனைவி போய் ஒன்பது ஆண்டாகிறது. மகனிடம் சொல்ல வெட்கம். ரங்கசாமியிடம் சொன்னேன். என்னைவிட ஏழு வயது இளையவன். ஆறு முறை என்னைத் தன் வண்டியின் பின்னால் உட்காரவைத்துப் பாலக்காட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவன். வழியில் மூன்று இடங்களில் நிறுத்துவான், நான் கேட்காமலே. நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வான்... அவன்தான் சொன்னான்! வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

என் கட்டம் போட்ட தாளை யாரும் கையில் வாங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து என் முன்னால் யார் ‘மடை’ என்று சொன்னாலும் உதட்டோரம் ஒரு சுழிப்பு. டீக்கடையில், பேருந்தில், பால் ஊற்றும் இடத்தில். இருபத்தேழு நாளில் நாற்பத்தொரு முறை எண்ணினேன். அதன் பிறகு வந்ததுதான் அந்த வெள்ளிக்கிழமை.

ஏன் இருபத்தெட்டு என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டது முப்பத்தைந்து. அவன் சொன்னது ஏழு. முப்பத்தைந்தில் ஏழைக் கழித்தேன்.

அவன் வாயிலிருந்து வந்தது வெறும் எழுத்து. அதை எண்ணாக மாற்றியவன் யார்?

தண்ணீரை எனக்குத் திருப்பிக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சொட்டுகூட என் நிலத்துக்கு வரவில்லை. ஒன்பதாம் மடை ஒன்பது நாற்பதுக்குத் திறக்கும். பத்து இருபதுக்கு மூட வேண்டும். பத்து எட்டுக்கே மூடியது. அடுத்த மடைக்கு நேரம் வரும்வரை மோட்டார் பன்னிரண்டு நிமிடம் சும்மா இருந்தது. அவ்வளவுதான். யாருக்கும் பயன்படாத பன்னிரண்டு நிமிடம்... அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

அவன் அந்தப் பட்டத்தில் பாகல் போட்டிருந்தான். ஒரு ஏக்கர் பந்தல், அறுநூற்று இருபது நடவுக் குழி. அதற்கு முந்திய தக்காளி நோயில் போயிற்று. அதற்கும் முந்திய நிலக்கடலையை மயில் தின்றது. பந்தலுக்குக் கல்தூண் நடும்போது என்னிடம் வந்து சொன்னான்: “இதுவும் கைய உட்டுருச்சுன்னா, நெலத்தக் குத்தகைக்குக் குடுத்துட்டு கஞ்சிக்கோட்டுக்கு வாட்ச்மேனாப் போயிருவேனுங்கண்ணா. இனி ஒரு வெள்ளாமைக்கு என்ற ஒடம்புல தெம்பில்லீங்க.”

அதைக் கேட்டது கார்த்திகையில். தையில் நான் இருபத்தெட்டு என்று தட்டியபோது அந்தச் சொற்கள் எனக்கு மறந்து போயிருந்தன என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. ஒரு சொல்லையும் மறப்பவன் அல்ல நான்.

அவனுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அவன் கையில் கடிகாரம் கட்டுகிறவன் அல்ல. சொட்டுநீர்க் குழாய் மூடாக்குத் தாளுக்கு அடியில் கிடக்கிறது. ஓடுவதும் நிற்பதும் கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்தைப் பார்த்துச் சிரித்தவனை நிமிடத்தாலேயே அடித்தேன். அந்த எண்ணம் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? ஒற்றைப்படை நாட்களில் பத்து எட்டுக்கு என் வீட்டு முற்றத்தில் நின்று காதைக் கூர்மையாக்குவேன். மோட்டார் ஓயும் சத்தம் கேட்கும். பற்கள் கூசும் அளவுக்கு இனிப்பு!

நான்கு முறை அப்படிப் போனது.

ஐந்தாவது முறைக்கு முந்திய நாள் அவன் பந்தலுக்குப் பக்கத்துப் பாதையில் நடந்தேன். நடந்தேன் என்ன, பார்க்கத்தான் போனேன். தரையில் மஞ்சள் மஞ்சளாகப் பூ உதிர்ந்து கிடந்தது. ஒரு குழியைச் சுற்றி எண்ணினேன்: முப்பத்து நான்கு. ரங்கசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், காற்று அதிகமுங்கண்ணா, அதுதான் கொட்டுது போல என்றான். என் முகத்தைப் பார்த்து, வெயிலில் ஏன் வந்தீர்கள் என்றும் கேட்டான்.

நேராக மோட்டார் அறைக்குப் போனேன். கோப்பைத் திறந்தேன். அந்தப் பத்துக் குறிகளையும் அழித்தேன். சேமித்தேன். கோப்பு காலி. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தீர்த்துவிட்டேன் என்று மனம் லேசாயிற்று.

ஆனால் நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. முன்னே சொன்னதெல்லாம் கோபம். கோபத்தை நீங்கள் மன்னிக்கவும்கூடும். இது வேறு.

நிரல் சூழலை எப்போது பார்க்கிறது? தொடங்கும்போது, ஒரே ஒரு முறை. அந்தக் கணத்தில் வெளியே இருப்பதையெல்லாம் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு வெளியே நீங்கள் எதை மாற்றினாலும், அழித்தாலும், அழுதாலும் அதற்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தப் பழைய நகலைத்தான் பார்க்கும். நான் கோப்பில் அழித்த இருபத்தெட்டு, நிரலின் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தது.

எனக்குத் தெரியாதா? மோட்டார் அறைச் சுவரில் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டை ஒன்று தொங்குகிறது. என் கையெழுத்து. மூன்றாவது வரி: ‘கோப்பில் எதை மாற்றினாலும் நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கவும். ஓடும் நிரலுக்கு மாற்றம் தெரியாது.’ அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் அழித்தேன். இருபத்தெட்டை எழுதிய அன்று மறக்காமல் தொடங்கிய கை, அழித்த அன்று ஏன் மறந்தது? கை மறந்ததா... அல்லது கைக்குச் சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டானா?

அடுத்த முறையும் மோட்டார் பத்து எட்டுக்கே ஓய்ந்தது. அன்று நான் முற்றத்தில் நிற்கவில்லை. வீட்டுக்குள் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தேன். ஏன் வைத்தேன்? கேட்டுவிடக் கூடாது என்றுதானே!

அப்படி ஐந்து முறை. அந்த ஐந்துக்கு ‘மறதி’ என்று பெயர் வைத்து ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்திருப்பேன், ரங்கசாமி சங்கத்தில் புகார் சொல்லாமல் இருந்திருந்தால்.

மற்றவர் பயிரெல்லாம் பச்சையாக இருக்கிறது, தன் பந்தல் மட்டும் வாடுகிறது, கணினியில் ஏதோ கோளாறு என்றான். நிரலை எழுதியவனே அதைச் சோதிப்பது முறையல்ல என்று பேச்சு வந்தது. பிரபுவை வரச் சொன்னார்கள். தேதியை நான் குறித்துக் கொடுத்தேன். இரட்டைப்படை நாள், காலை பத்து மணி. ஒன்பதாம் மடை அன்று திறக்காது.

பிரபு நூற்றுப் பதினேழு வரியையும் படித்தான். ரங்கசாமி கதவு நிலையில் சாய்ந்து நின்றான். மெலிந்திருந்தான்.

“ஏனுங்கப்பா, ஒம்பதோட நிமிசம் எங்கிருந்து வருது?” என்றான் பிரபு.

“வெளிய இருந்து. அந்தக் கோப்பப் பாரு.”

பார்த்தான். “இதுல ஒண்ணுமே இல்லீங்களே.”

“இல்லைன்னா நாப்பது.”

ஒரு பொய்யும் இல்லை! நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

நிரலில் ஒரு தப்பும் இல்லை என்று பிரபு ரங்கசாமியிடம் சொன்னான். அவர் நிலம் மேட்டில் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கியதால் அழுத்தம் குறைந்திருக்கும், அது முதலில் மேட்டு நிலத்தைத்தான் பாதிக்கும் என்றான். நன்றாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்தவன் கண்ணில் சுவர் அட்டை பட்டது. மூன்றாவது வரியை விரலால் தொட்டான்.

“எதுக்கும் ஒருக்கா நிறுத்தித் தொடங்கிப் பாத்தரலாமுங்களாப்பா?”

என் மனதில் மூன்று விநாடி ஓடியது. முதல் விநாடியில் பூ உதிர்ந்த தரை. இரண்டாவதில், கதவோரம் தோள் குலுங்க நின்றவன். மூன்றாவதில் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் வாய் மட்டும்தான்.

“வேண்டாம். இப்ப பத்தாம் மடை ஓடிட்டிருக்குது. நிறுத்துனா அவிங்க முறை தப்பிப் போகும்.”

பிரபு தயங்கினான். அவனுக்குப் பதில் சொன்னது நானல்ல, ரங்கசாமி.

“அண்ணன் சொன்னாச் சரியாத்தானிருக்கும் தம்பி. எனக்காவ அடுத்தவன் தண்ணிய நிறுத்த வேண்டாம்.”

அன்று நிறுத்தித் தொடங்கியிருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கொடிகளின் அடித்தண்டு அப்போது பச்சையாகத்தான் இருந்தது. பத்து நாளில் புதுப் பூ வந்திருக்கும்.

அதன் பிறகு பத்து முறை மோட்டார் பத்து எட்டுக்கு ஓய்ந்தது. அந்தப் பத்துக்கு என்ன பெயர் வைப்பது? கோபம் தீர்ந்திருந்தது. மறதி இல்லை. உண்மையைச் சொன்னால், பயம். இப்போது தொடங்கினால் பந்தல் பிழைத்துவிடும்; பிழைத்தால் ‘ஏன்’ என்று ஒருவன் கேட்பான்... பயமா? வெறும் பயம்தானா? என் பேச்சைக் கேட்காத சபை, நீர்மட்டம் இறங்குகிறது என்று தன் வாயாலேயே சொல்ல ஆரம்பித்திருந்தது. டீக்கடையில் என் கட்டம் போட்ட தாளைப் பற்றிப் பேசினார்கள். உதட்டோரச் சுழிப்பு நின்றிருந்தது. அந்தப் பந்தல் காய்வதுதான் என் சாட்சி. அது எப்படிப் பிழைக்கலாம்?

மாசி கடைசியில் முதல் கோடை இடி. மின்கம்பியில் தென்னை மட்டை விழுந்து கரண்ட் போயிற்று. திரும்ப வந்ததும் கணினி தானாகத் தொடங்கியது. நிரலும் புதிதாகத் தொடங்கியது. வெளியே பார்த்தது. ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நாற்பது என்று எடுத்துக்கொண்டது.

மறுநாள் அவன் பந்தலடியில் நான் நின்றேன். ஒன்பது நாற்பதுக்கு மடை திறந்து, பத்து இருபதுக்கு மூடியது. அறுநூற்று இருபது குழியிலும் காய்ந்த தண்டுகளின் அடியில் தண்ணீர் நிறைந்தது. ரங்கசாமி முந்திய நாளே பந்தல் கம்பியை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

இப்போது தடயம் எங்கும் இல்லை. நிரல் சுத்தம். கோப்பு சுத்தம். நகலும் அந்த இடியோடு போயிற்று. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கிறது. மடை திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பு. பத்தொன்பது முறை, ஒன்பது நாற்பது, பத்து எட்டு. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், பூட்டுக்கூடப் போடவில்லை. யாரும் படிக்கவில்லை. எங்கள் ஊரில் நிமிடத்தைப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். அழிக்கவும் மனம் வரவில்லை. எண்ணியதை அழித்துப் பழக்கமில்லை.

ஆடி மாதம், தூறல். ஓய்வுபெற்றோர் அடையாள அட்டையைப் புதுப்பிக்க நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் போனேன். வாசலில் நீலச் சட்டையில் ரங்கசாமி. சட்டை அவனுக்கு ஓர் அளவு பெரியது. இடது கையில் கறுப்புக் கடிகாரம்.

“வாங்கண்ணா. உள்ள போற நேரம் எழுதோணுமுங்க. பத்து முப்பத்தொண்ணு.” குனிந்து பதிவேட்டில் எழுதினான். “நிமிசம் தப்பா எழுதுனா மேலாளு திட்டறானுங்க. உங்க நெனப்புத்தான் வரும்.”

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னான்: “அன்னிக்குக் கூட்டத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. தண்ணி எறங்குதுன்னு நீங்க கணக்கோட சொன்னீங்க. கேட்டிருந்தா என்ற பந்தலு நின்னிருக்கும். மனசுல வெச்சுக்காதீங்கண்ணா.”

நான் காத்திருந்த சொல் அது. மார்கழியிலிருந்து காத்திருந்தேன். அதைக் கேட்கும்போது மகிழ்ச்சி வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்தது. வந்துகொண்டே இருந்தது... அதன் பின்னால் வேறொன்றும் வந்தது; அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

“அதையெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேன் ரங்கா” என்றேன்.

“ஆசுபத்திரிக்கு இப்ப ஆரோட போறீங்க?”

“பஸ்ல போயிக்கிறேன்.”

“ஒரு வார்த்த சொல்லீருந்தா லீவு போட்டுட்டு வந்திருப்பேனே.”

உள்ளே போனேன். அட்டை தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு முறை கழிப்பறைக்குப் போனேன். இரண்டாவது முறை கண்ணாடி முன் நின்று, வாசலில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என்ன சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்தேன். ‘ரங்கா, உன்ற தண்ணிய நாந்தான் வெட்டுனேன்.’ நான்கு சொல்.

ஐந்து சொல். அப்போது தப்பாக எண்ணினேன்.

வாசலுக்கு வந்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், பதிவேட்டில் எழுதினான், சிரித்தான்.

“பத்து நாப்பத்தி மூணு. பன்னண்டே நிமிசம். அதுக்குள்ள வேலை முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது” என்றேன்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கூட்டினேன். கோபத்தில் நான்கு முறை, நாற்பத்தெட்டு நிமிடம். மறதி என்று சொல்லிக்கொண்ட ஐந்து முறை, அறுபது. பெயரில்லாத பத்து முறை, நூற்றிருபது. ஆக இருநூற்று இருபத்தெட்டு. அன்று தொழிற்சாலைக்குள் நான் ஒளிந்திருந்த பன்னிரண்டையும் சேர்த்தேன்.

இருநூற்று நாற்பது நிமிடம். மிச்சமில்லாமல், சரியாக நான்கு மணி நேரம்.